ஒரு லாகின், மூன்று கிளைகள்: சோப் கிளையண்ட்டில் செஷன் குக்கியைக் கையாண்ட விதம்

மூன்று ஊர்களில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு விநியோக நிறுவனம். அவர்களுக்குச் சரக்கு தரும் பெரிய நிறுவனம், ஆர்டர் வாங்குவதற்காக ஒரு வெப் சர்வீஸ் வைத்திருந்தது. பழைய சோப் (SOAP) வகை, அதாவது எக்ஸ்எம்எல் செய்தியை ஓர் உறையில் போட்டு அனுப்பும் முறை. கணக்கு மென்பொருளில் பதிவாகும் கொள்முதல் ஆர்டர்களை எடுத்து அந்தச் சர்வீஸுக்கு அனுப்பும் பின்னணி புரோகிராம் ஒன்றை, அதாவது கிளையண்ட்டை, ஜாவாவில் எழுத வேண்டும். இதுதான் வேலை. ஒவ்வொரு கிடங்கும் ஒரு கிளை; ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடன் வரம்பு, தனி டெலிவரி முகவரி. இந்தக் கடைசி விவரத்தை ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு எல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தது.

சர்வீஸின் கையேடு சுருக்கமானது. முதலில் லாகின் அழைப்பு, அடுத்து இருப்பு விசாரணை, பிறகு ஆர்டர், கடைசியில் லாக்அவுட். குக்கி (சர்வர் கொடுத்து, அடுத்த அழைப்பில் திருப்பிக் கேட்கும் சிறு அடையாளத் துண்டு) என்ற சொல்லே அதில் கிடையாது. லாகின் சரியாக நடந்தால் 'ட்ரூ' என்று ஒரே ஒரு மதிப்பு திரும்பி வரும். டோக்கன், சாவி என்று எதுவும் வராது. கையேட்டைப் படிக்கும்போதே சந்தேகம் வர வேண்டிய இடம் இது. அடுத்த அழைப்பில் திருப்பிக் கொடுக்க எதுவுமே தராமல் 'லாகின் ஆனவர் இவர்தான்' என்று ஒரு சர்வீஸ் கண்டுகொள்கிறது என்றால், அடையாளம் சோப் செய்திக்கு வெளியே, அதைச் சுமக்கும் எச்டிடிபியின் ஹெடரில் (தலைப்பு வரிகளில்) போய் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

நடந்தது எதிர்பார்த்ததுதான். லாகின் 'ட்ரூ' என்றது. அடுத்து இருப்பைக் கேட்டால், 'முதலில் லாகின் செய்யவும்' என்று பிழை. மறுபடி லாகின், மறுபடி 'ட்ரூ', மறுபடி அதே பிழை. எதிர்த் தரப்பிடம் கேட்டபோது, சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில் எல்லா அழைப்பும் ஒழுங்காகப் போகிறது என்று பதில் வந்தது. பொய்யில்லை. அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் எச்டிடிபி செஷனை (ஒரு பயனருக்காகச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் தொடர்பை) தக்கவைக்கும் டிக் போடப்பட்டிருந்தது. கருவி தன் பாட்டுக்குக் குக்கியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால், அந்தச் சர்வீஸுக்குக் குக்கி தேவை என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்த மாதிரிச் சிக்கலில் கோடைப் படித்துக்கொண்டிருப்பதைவிட, கம்பியில் என்ன போகிறது என்று பார்த்துவிடுவது மேல். சோப் அழைப்புகளுக்கு நாம் பயன்படுத்திய ஜாவா லைப்ரரியான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸின் மூல வடிவத்தில், போகிற வருகிற செய்திகளை ஹெடரோடு அச்சடிக்கும் ஒரு சிஸ்டம் ப்ராபர்ட்டி (ஓட்டும்போது கொடுக்கும் அமைப்பு) உண்டு. அதைப் போட்டு ஓட்டியதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. லாகினுக்கு வந்த பதிலில் இரண்டு செட்-குக்கி வரிகள். ஒன்று ஜேசெஷன்ஐடி, டாம்கேட் என்ற ஜாவா சர்வர் மென்பொருள் தரும் 32 எழுத்து எண், கூடவே பாத், செக்யூர், எச்டிடிபிஒன்லி என்ற ஒட்டுகள். மற்றொன்று, சர்வர்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைப் பங்கிடும் லோடு பேலன்ஸர் போட்டது. அடுத்து நம் புரோகிராம் அனுப்பிய இருப்பு விசாரணையில் கன்டென்ட்-டைப் இருக்கிறது, சோப்ஆக்‌ஷன் இருக்கிறது, யூசர்-ஏஜென்ட் இருக்கிறது. குக்கி வரி இல்லை. அதற்கு வந்த பிழைப் பதிலில் மறுபடியும் ஒரு செட்-குக்கி, இந்த முறை வேறு எண்ணோடு. யாரோ புதியவர் வந்திருக்கிறார் என்று சர்வர் புதிய செஷன் திறந்து கொடுத்திருக்கிறது.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன்தான் குக்கி. டோக்கனில் ஓர் எண் மட்டும் இருக்கும். செருப்பு அவர்களிடம் இருக்கும். எண்ணைக் காட்டாதவருக்கு எந்தச் செருப்பையும் எடுத்துக் கொடுக்க முடியாது. எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முதல் கோரிக்கைதான். அந்தக் குறையை ஈடுகட்ட 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். 1997-இல் ஆர்எஃப்சி (இணைய விதி ஆவணம்) 2109, 2000-இல் 2965, 2011-இல் 6265 என்று விதிகள் திருத்தி எழுதப்பட்டு வந்தன. உலாவிகள் இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்துவிடுவதால், இப்படி ஒரு வேலை நடப்பதே தெரியாமல் பழகிவிட்டோம். வெப் சர்வீஸ் கிளையண்ட் லைப்ரரிகள் உலாவி மாதிரி நடந்துகொள்வதில்லை. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் 'செஷன் மெயின்டெயின்' என்ற ப்ராபர்ட்டியின் இயல்பு மதிப்பு ஃபால்ஸ். நாம் கேட்டால் ஒழிய அது குக்கியைத் திருப்பி அனுப்பாது.

லைப்ரரியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. வெப் சர்வீஸ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக விதி வகுத்த டபிள்யூஎஸ்-ஐ அமைப்பு 2004-இல் இறுதி செய்த அடிப்படை வரையறை, சர்வீஸ் குக்கியைப் பயன்படுத்தலாம், ஆனால் கிளையண்ட்டுக்குக் குக்கி ஆதரவு இருந்தால்தான் வேலை செய்வேன் என்று இருக்கக் கூடாது என்கிறது. வெப் பக்கத்துக்கு எழுதிய லாகினை அப்படியே எடுத்து சோப் உறையில் போட்டு வெளியே விட்ட சர்வீஸ்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. நமக்கு வாய்த்ததும் அந்த வகைதான். எதிர்த் தரப்பு மாற்றித் தரப் போவதில்லை என்பதால், கிளையண்ட்டில்தான் சரிசெய்தாக வேண்டும்.

இதற்கிடையில் எதிர்த் தரப்பிலிருந்து ஒரு புகார்: உங்கள் பக்கத்திலிருந்து செஷன்கள் குவிகின்றன. இதுவும் உண்மைதான். குக்கி இல்லாமல் போகும் ஒவ்வோர் அழைப்புக்கும் சர்வர் ஒரு செஷன் திறக்கிறது. டாம்கேட்டின் இயல்பான காலக்கெடு 30 நிமிடம். அதுவரை அந்த அநாதைச் செஷன் நினைவகத்தில் கிடக்கும். விநாடிக்கு 5 அழைப்பு போனால், 1800 விநாடியில் 9000 செஷன் எப்போதும் உயிரோடு இருக்கும். அவற்றில் ஒன்றையும் யாரும் இரண்டாம் முறை தொடுவதில்லை. குக்கியைத் தவறவிடுவது நம் அழைப்பை மட்டும் கெடுக்கும் விஷயம் அல்ல. எதிரே இருக்கும் சர்வரின் மூச்சையும் பிடிக்கும்.

சரி, ப்ராபர்ட்டியை ட்ரூ ஆக்கியாயிற்று. பாதிதான் சரியானது. லாகின், இருப்பு, ஆர்டர் மூன்றுக்கும் தனித்தனி டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸின் அழைப்புகளை விவரிக்கும் கோப்பு). அதனால் கிளையண்ட்டில் மூன்று ப்ராக்ஸி ஆப்ஜெக்ட்கள் (சர்வீஸின் சார்பில் இங்கே நின்று அழைப்பை அனுப்புபவை). 'செஷன் மெயின்டெயின்' என்பது ஒரு ப்ராக்ஸிக்குள் மட்டும் செல்லும் ஏற்பாடு. லாகின் ப்ராக்ஸிக்குக் கிடைத்த குக்கி, ஆர்டர் ப்ராக்ஸிக்குத் தெரியாது. அதே லாகின் சர்வீஸின் இன்னோர் அழைப்பான 'நான் யார்' இப்போது சரியாகப் பதில் சொன்னது; ஆர்டர் சர்வீஸ் இன்னமும் 'முதலில் லாகின் செய்யவும்' என்றே அடம்பிடித்தது. இந்த ப்ராபர்ட்டியைப் போட்டும் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்களில் பலர் சிக்கியிருப்பது இந்த இடத்தில்தான். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக ப்ராக்ஸி உருவாக்கும் கோடிலும் இதே கதை: குக்கிகளைப் போட்டு வைக்கும் ஜாரும் ஒவ்வொரு முறை புதிதாகப் பிறக்கும்.

அடுத்து குழுவில் ஒருவர் கண்டுபிடித்த வழி, தேடினால் உடனே கண்ணில் படுவது. ஜாவாவில் குக்கிமேனேஜர் ஒன்றை உருவாக்கி, குக்கிஹேண்ட்லரின் இயல்பு ஹேண்ட்லராகப் போட்டுவிட வேண்டும். ஒரே வரி. ஜேவிஎம் (ஜாவா புரோகிராம் ஓடும் சூழல்) முழுவதற்கும் ஒரே ஜார். எந்த ப்ராக்ஸி போனாலும் குக்கி கூடவே போகும். ஒரு கிளையை வைத்துச் சோதித்தார்கள். லாகின், இருப்பு, ஆர்டர், லாக்அவுட், எல்லாம் பச்சை.

இரண்டாவது கிளையைச் சேர்த்து ஓட்டியபோது பிழை எதுவும் வரவில்லை. அதுதான் பயங்கரம். ஆர்டர் உறுதிப் பதிலை ஒருவர் நிதானமாகப் படித்தபோது, முதல் கிளைக்குப் போட்ட ஆர்டரில் இரண்டாவது கிளையின் டெலிவரி முகவரி இருந்தது. பதிவுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்ததும் புரிந்தது. முதல் கிளை லாகின் செய்கிறது. ஜாரில் ஒரு ஜேசெஷன்ஐடி வந்து உட்காருகிறது. இரண்டாவது கிளையின் த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை இழை) லாகின் செய்யப் போகிறது. ஜாரில் ஏற்கெனவே குக்கி இருப்பதால் அதுவும் கூடவே போகிறது. சர்வர் பார்க்கிறது: தெரிந்த செஷன்தான், லாகின் கேட்கிறார்கள். அதே செஷனுக்குள் பயனர் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடுகிறது. இப்போது முதல் கிளையின் த்ரெட் தன் ஆர்டரை அதே எண்ணோடு அனுப்புகிறது. சர்வரைப் பொறுத்தவரை அது இரண்டாவது கிளையின் ஆர்டர். கடன் வரம்பும் அந்தக் கிளையுடையது, லாரி போகும் ஊரும் அந்தக் கிளையுடையது. சோதனைக் கட்டத்திலேயே பிடிபட்டதால் சரக்கு எதுவும் ஊர் மாறிப் போகவில்லை.

லாகின் செய்ததும் செஷன் எண்ணையே மாற்றித் தரும் சர்வராக இருந்தாலும் இந்தக் கோளாறு தீராது. ஜாரில் ஒரு பெயருக்கு, ஓர் இடத்துக்கு ஒரு குக்கிதான் நிற்கும். கடைசியாக வந்தவர் முந்தையவரைத் தள்ளிவிடுவார். ஒரே பயனர் உட்கார்ந்து ஓட்டும் மேசைக் கணினி புரோகிராம் என்றால் பொது ஜாரில் தப்பே இல்லை. பல பேருக்காக வேலை செய்யும் புரோகிராமில், ஜார் யாருடையது என்பதை லைப்ரரியின் இயல்பு அமைப்பு முடிவு செய்ய விடக் கூடாது. ப்ராக்ஸிக்கு ஒன்று என்றால் குறைவு, ஜேவிஎம்முக்கு ஒன்று என்றால் அதிகம். லாகின் ஆன ஆளுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு.

அதன்படி புரோகிராமை மாற்றினோம். கிளை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப்ஜெக்ட். அதற்குள் பயனர் பெயர், ஒரு குக்கி ஜார், அந்த ஜாரைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று ப்ராக்ஸிகள். ஜாருக்கு ஜாவாவின் அதே குக்கிமேனேஜர்தான். ஆனால் அதை ஜேவிஎம்முக்கு இயல்பாகப் போடாமல், தனி ஆப்ஜெக்ட்டாக நாமே கூப்பிடுகிறோம். அதில் 'புட்', 'கெட்' என்று இரண்டு மெத்தட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ப்ராக்ஸியிலும் ஒரு சோப் ஹேண்ட்லரை (போகிற வருகிற செய்தியை இடைமறிக்கும் கோடு) மாட்டி, செய்தி வெளியே போகும்போது முகவரியைச் சொல்லி 'கெட்' கேட்டு, வந்ததைக் கோரிக்கை ஹெடரில் வைக்கிறோம். பதில் வரும்போது ஹெடர்களை அப்படியே 'புட்'டில் கொடுக்கிறோம். 'செஷன் மெயின்டெயின்' மறுபடி ஃபால்ஸ். ஒரே வேலைக்கு இரண்டு மேஸ்திரி இருந்தால், எந்தக் குக்கி யார் வைத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

செட்-குக்கி வரியை நாமே வெட்டி எடுத்து அடுத்த கோரிக்கையில் ஒட்டிவிடலாமே என்று தோன்றும். நிறைய கோடில் பார்த்திருக்கிறேன், அதில் பாதி தற்செயலாக ஓடிக்கொண்டிருப்பவை. திருப்பி அனுப்ப வேண்டியது பெயரும் மதிப்பும் மட்டும்; பாத், செக்யூர் எல்லாம் கிளையண்ட்டுக்கான குறிப்புகள், அவற்றையும் சேர்த்து அனுப்பினால் சில சர்வர்கள் குழம்பும். ஜாவாவின் யூஆர்எல் கனெக்‌ஷனிடம் ஒரு ஹெடரைப் பெயர் சொல்லிக் கேட்டால், அதே பெயரில் பல வரி இருந்தாலும் கடைசி ஒன்றைத்தான் தரும். நம் வழக்கில் வந்தவை இரண்டு. அந்த மாதிரிக் கோடு ஜேசெஷன்ஐடியை விட்டுவிட்டு லோடு பேலன்ஸரின் குக்கியை மட்டும் எடுத்திருக்கும், அல்லது நேர்மாறாக. பின்னால் இரண்டு சர்வர் நிற்கும்போது, ஜேசெஷன்ஐடி மட்டும் இருந்து லோடு பேலன்ஸர் குக்கி இல்லாவிட்டால், கோரிக்கை சில நேரம் சரியான சர்வருக்கும் சில நேரம் மற்றதுக்கும் போகும். செஷன் அந்த ஒரு சர்வரின் நினைவகத்தில்தான் இருக்கிறது. அழைப்பு ஒன்று விட்டு ஒன்று தோற்கும் விசித்திரத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சில லோடு பேலன்ஸர்கள் தங்கள் குக்கியை ஒவ்வொரு பதிலிலும் புதுப்பித்து அனுப்பும் என்பதால், லாகின் பதிலில் மட்டும் குக்கியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதும் போதாது.

ஹேண்ட்லரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. சாதாரணப் பதில் வந்தால் ஒரு மெத்தட், பிழைப் பதில் வந்தால் வேறு மெத்தட். முதல் வடிவத்தில் குக்கியை எடுக்கும் வேலை முதல் மெத்தட்டில் மட்டும் இருந்தது. பிழைப் பதிலோடும் செட்-குக்கி வரலாம் என்பதைத்தான் ஆரம்பத்திலேயே பார்த்தோமே. இரண்டிலும் வைத்தாயிற்று.

ஜாரை முறையாகப் பயன்படுத்தியதில் உடனே ஒரு பிழை வெளிப்பட்டது, அது நல்லதற்குத்தான். சோதனைச் சூழலில் எங்கள் அமைப்புக் கோப்பில் முகவரி வெறும் எச்டிடிபியாக இருந்தது. சர்வரோ குக்கியில் செக்யூர் ஒட்டு வைத்திருந்தது. ஜாரில் குக்கி இருக்கிறது, கோரிக்கையில் போகவில்லை. விதிப்படி அது சரி. செக்யூர் குக்கி எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும்தான் போக வேண்டும். அந்த ஒட்டை ஹேண்ட்லரிலேயே கழற்றிவிடலாம் என்றொரு யோசனை வந்தது. கழற்றவில்லை, முகவரியை எச்டிடிபிஎஸ் ஆக்கினோம்.

அப்புறம் காலாவதி. செஷன் குக்கியில் எக்ஸ்பயர்ஸ் தேதி இருக்காது. சர்வரில் செஷன் செத்துவிட்டதா என்பது கிளையண்ட்டுக்குக் கேட்டால்தான் தெரியும். 25 நிமிடத்துக்கு ஒரு முறை மறு லாகின் செய்துவிட்டால் போதும் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. எதிரே காலக்கெடுவைக் குறைத்தாலோ, சர்வரை மறுதொடக்கம் செய்தாலோ அந்தக் கணக்கு உடைந்துவிடும். அழைத்துப் பார், செஷன் இல்லை என்ற பிழை வந்தால் ஒரே ஒரு முறை லாகின் செய்து, அதே அழைப்பை ஒரே ஒரு முறை திரும்ப அனுப்பு, அதுவும் தோற்றால் பிழையை மேலே தள்ளு. ஆர்டர் போன்ற அழைப்பையும் இப்படித் திரும்ப அனுப்பலாம். ஏனென்றால் லாகின் இல்லை என்று வாசலிலேயே திருப்பப்பட்ட ஆர்டர் உள்ளே பதிவாகியிருக்காது. டைம்அவுட் வந்த ஆர்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. அது பதிவாகிவிட்டு, பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் ஒரே சரக்கு இரண்டு முறை வரும். எனவே புரோகிராம் முதலில் ஆர்டர் எண்ணை வைத்து விசாரித்துவிட்டு மேலே போகிறது.

எல்லாச் சர்வீஸும் காலாவதியை நாகரிகமான சோப் பிழையாகச் சொல்வதில்லை. சில, லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை அனுப்பிவிடும். அதுவும் 200 நிலை எண்ணோடு. அப்போது ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், கன்டென்ட்-டைப் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் எனக்கு ஆகாது என்று கத்தும். செய்தியைப் பார்த்தால் எக்ஸ்எம்எல் கோளாறு மாதிரி இருக்கும், காரணம் செஷன். ஆனால் பராமரிப்பு நேரத்தில் லோடு பேலன்ஸரும் எச்டிஎம்எல் பக்கம்தான் காட்டும். அதனால்தான் மறுமுயற்சிக்கு ஒன்று என்ற வரம்பு. வரம்பில்லாமல் விட்டால், மூடிக் கிடக்கும் கதவை விடிய விடியத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு கிளைக்குள்ளேயே நாலைந்து த்ரெட் ஓடும்போது இன்னொரு முடிச்சு. செஷன் செத்ததும் எல்லா த்ரெட்டுக்கும் ஒரே நேரத்தில் பிழை வரும், எல்லாம் லாகினுக்கு ஓடும். ஒரு பயனருக்கு ஒரு செஷன் என்று கட்டுப்பாடு வைத்த சர்வர் இது. இரண்டாவது லாகின் முதலாவதை வெட்டும், மூன்றாவது இரண்டாவதை வெட்டும். வெட்டுப்பட்டவை திரும்பவும் லாகினுக்கு ஓடும். இதற்கு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) மட்டும் போதாது. லாக்குக்காகக் காத்திருந்த த்ரெட், உள்ளே நுழைந்ததும் 'நான் தோற்றபோது இருந்த செஷன்தானா இப்போதும் இருக்கிறது?' என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு வரிசை எண் வைத்தோம். கையில் இருக்கும் எண்ணும் இப்போதைய எண்ணும் வேறு என்றால், ஏற்கெனவே யாரோ லாகின் செய்துவிட்டார்கள். புதிய ஜாரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். மறு லாகினின்போது பழைய ஜாரைத் துடைத்துப் பயன்படுத்தாமல், காலி ஜார் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் த்ரெட் புதியதைக் கெடுக்க வழியில்லை.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் வேலை செய்பவர்களுக்கு இதே நாடகம் வேறு மேடையில். அதன் பழைய வெப் சர்வீஸ் முறையான ஏஎஸ்எம்எக்ஸின் ப்ராக்ஸியில் குக்கிகன்டெய்னர் ப்ராபர்ட்டி நல் (காலி) ஆகத்தான் இருக்கும். ஒன்றை உருவாக்கி வைக்க வேண்டும், பல ப்ராக்ஸிகளுக்கு ஒரே கன்டெய்னரையே கொடுக்கலாம் என்பது வசதி. அதற்குப் பின் வந்த டபிள்யூசிஎஃப்பில் 'அலவ்குக்கீஸ்' இயல்பாக ஃபால்ஸ். புதிய எச்டிடிபிகிளையண்ட் ஃபேக்டரியில் எதிர்த்திசைச் சிக்கல்: உள்ளே இருக்கும் ஹேண்ட்லர்கள் பொதுக் குளத்திலிருந்து வருவதால் குக்கியும் பகிரப்பட்டுவிடும், அந்த ஹேண்ட்லர்களின் இயல்பு ஆயுள் 2 நிமிடம் என்பதால், திடீரென்று காணாமலும் போகும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் செஷன் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி அதன் வழியாக அழைத்தால் குக்கி நிற்கும். நேரடியாக 'கெட்', 'போஸ்ட்' என்று அழைத்தால் நிற்காது. எதிரே இருப்பது ஏஎஸ்பி டாட்நெட் சர்வர் என்றால் இன்னொன்றும் உண்டு. செஷனில் எழுதும் கோரிக்கைகளை அது ஒரே செஷனுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடத்தும். ஒரே குக்கியோடு பத்து த்ரெட் விட்டாலும் வேகம் கூடாது.

லாக்அவுட்டைக் கடைசி வரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு பயனருக்கு ஒரு செஷன்தான் என்பதால் சும்மா விட்டாலும் அடுத்த லாகின் பழையதை வெட்டிவிடும் என்பது வாதம். அப்படியில்லாமல், 'ஏற்கெனவே லாகின் ஆகியுள்ளது' என்று புதிய லாகினையே மறுக்கும் சர்வர்களும் உண்டு; அங்கே புரோகிராமை நிறுத்தித் தொடங்கினால் 30 நிமிடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். நிறுத்தும்போது ஓடும் ஷட்டவுன் ஹுக்கில் மூன்று கிளைக்கும் லாக்அவுட் வைத்தோம். கில் மைனஸ் 9 (புரோகிராமை உடனடியாகக் கொல்லும் கட்டளை) கொடுத்தால் அந்த ஹுக் ஓடாது என்பதைப் பராமரிப்புக் கையேட்டில் தனி வரியாக எழுதிவைத்தோம். ஜாரை டிஸ்க்கில் சேமித்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு திரும்ப எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. ஒரு லாகின் அழைப்பை மிச்சம் பிடிப்பதற்காக, உயிருள்ள செஷன் எண்ணைக் கோப்பில் வைப்பது கட்டுபடியாகாத வியாபாரம்.

செய்திகளை முழுசாக அச்சடிக்கும் அந்தச் சிஸ்டம் ப்ராபர்ட்டி, புரோகிராம் நிஜ ஓட்டத்துக்கு வந்த பிறகும் தொடக்க ஸ்கிரிப்டில் அப்படியே கிடந்தது. பதிவுக் கோப்பில் ஜேசெஷன்ஐடி எண்கள் வரிசையாக. லாகின் செய்தியில் கடவுச்சொல்லும் சேர்த்து. அந்தக் கோப்பு கையில் கிடைத்தவர், செஷன் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கிளையாகவே ஆர்டர் போடலாம். ப்ராபர்ட்டியை எடுத்துவிட்டு, எங்கள் ஹேண்ட்லரே கிளைப் பெயர், லாகின் வரிசை எண், குக்கி மதிப்பின் ஹாஷில் (மூல மதிப்பைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத சுருக்கத்தில்) முதல் ஆறு எழுத்து ஆகிய மூன்றை மட்டும் எழுதும்படி செய்தோம். இரண்டு அழைப்புகள் ஒரே செஷனில் போனதா என்று பார்க்க அந்த ஆறு எழுத்தே போதும்.